ஒரே சிக்னல், நான்கு பேஸ் ஆம்ப்: மலையில் சப்வூஃபர் லைனைப் பிரிப்பது எப்படி

கோத்தகிரி பக்கம் ஒரு திருவிழா. எட்டு 18 இன்ச் பேஸ் பாக்ஸ் (சப்வூஃபர்), அவற்றை ஓட்ட நான்கு ஆம்ப். பேஸையும் மேல் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் கிராஸ்ஓவரிலிருந்து பேஸுக்கென வருவதோ ஒரே ஒரு லோ அவுட். இந்த ஒன்றை நான்காக்கி நான்கு ஆம்புக்கும் கொடுக்க வேண்டும்.

நான்கு ஒயரை முறுக்கிச் சேர்த்தாலே பாட்டு வந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தப்பாகப் பிரித்த லைனில் குரலும் ஜால்ராவும் நன்றாகவே கேட்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும். "பாக்ஸ் சரியில்லை", "ஆம்ப் தம் இல்லை" என்று பழி வேறெங்கோ விழும். பிரிப்பதில் நடக்கும் பெரும்பாலான கோளாறுகள் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் முதலில் அடிக்கும். ஆகவே டாப் பாக்ஸுக்குப் போதுமான வேலை சப்வூஃபருக்குப் போதாது.

எந்த இடத்தில் பிரிப்பது

கிராஸ்ஓவருக்குப் பிறகு, ஆம்புக்கு முன். மிக்சரிலேயே பிரித்து ஒவ்வொரு ஆம்பிலும் உள்ள லோ பாஸ் ஃபில்டரை நம்பினால், ஒரு ஆம்பில் 80, இன்னொன்றில் 120, மூன்றாவதில் சுவிட்ச் ஆஃப் என்று நிற்கும். ஃபில்டர் மாறினால் ஃபேஸ், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம், மாறும். ஃபேஸ் மாறினால் பக்கத்துப் பக்கத்துப் பாக்ஸ்களே ஒன்றையொன்று அடக்கும். கிராஸ்ஓவரில் ஒரே இடத்தில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வெட்டுங்கள், அடியில் 30 அல்லது 35 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போடுங்கள், ஆம்ப்களில் உள்ள ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

ஒரு ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து அடுத்த ஆம்பின் லைன் இன்னுக்கு ஒயர் போடும் பழக்கம் சில இடங்களில் இன்னும் உண்டு. லைன் இன்புட் எதிர்பார்ப்பது ஒரு வோல்ட் அளவு; அங்கே வருவது பல பத்து வோல்ட். இன்புட் ஐசி போகும். செய்யவே கூடாது.

கையில் 2 இன் 6 அவுட் டிஎஸ்பி (டிஜிட்டல் கிராஸ்ஓவர்) இருந்தால் பிரிக்கும் வேலையே பாதி மிச்சம். டாப்புக்கு இரண்டு அவுட் போக மிச்சம் நான்கிலும் அதே லோ பேண்டை அசைன் செய்துவிடலாம். அப்படி இல்லாதவர்களுக்குத்தான் கீழே உள்ள கணக்கு.

ஓம் கணக்கு, அதைவிட முக்கியமான கெப்பாசிட்டர் கணக்கு

பேலன்ஸ்டு லைனில் சிக்னல் ஹாட், கோல்டு என்று எதிரெதிரான இரண்டு ஒயரில் போகும்; அன்பேலன்ஸ்டில் ஒரே ஒயரும் கிரவுண்டும்தான். நல்ல மிக்சர், கிராஸ்ஓவர்களின் பேலன்ஸ்டு அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு உள்ள தடை) 100 முதல் 150 ஓம் வரை இருக்கும். ஆம்பின் இன்புட் பேலன்ஸ்டில் 20 கிலோ ஓம், அன்பேலன்ஸ்டில் 10 கிலோ ஓம் என்பது பரவலான அளவு. நான்கு ஆம்பை இணையாகப் போட்டால் 20 கிலோ ஓம் 5 கிலோ ஓம் ஆகும். 150 ஓம் அவுட்புட் அதை ஓட்டும்போது இழப்பு கால் டெசிபல். எட்டு ஆம்ப் போட்டாலும் அரை டெசிபல்தான். காதுக்குத் தெரியாது. அவுட்புட்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் மொத்த இன்புட் இம்பீடன்ஸ் இருக்கும்வரை கவலை வேண்டாம்.

பழைய அசெம்பிள் ப்ரீஆம்ப், ஹோம் தியேட்டர் சப் அவுட் போன்றவற்றில் 1 கிலோ ஓம் அவுட்புட்டும் வரலாம். நான்கு 10 கிலோ ஓம் இன்புட் சேர்ந்தால் 2.5 கிலோ ஓம். இழப்பு 3 டெசிபல். இதுவும் பெரிய விஷயமில்லை, கெயினைக் கொஞ்சம் ஏற்றினால் சரி.

உண்மையான திருடன் அவுட்புட்டில் தொடராக உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டர். அசெம்பிள் கிராஸ்ஓவர் போர்டுகள் பலவற்றில் அங்கே 1 மைக்ரோபாரட் இருக்கும். ஒரே ஒரு 10 கிலோ ஓம் ஆம்பை ஓட்டும்போது இது 16 ஹெர்ட்ஸில்தான் வெட்டும், யாருக்கும் தெரியாது. அதே லைனில் நான்கு ஆம்ப் போட்டதும் வெட்டு 60 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதாவது 60-ல் 3 டெசிபல், 30-ல் 7 டெசிபல் போய்விட்டது. 7 டெசிபலை ஆம்பில் ஈடுகட்ட ஐந்து மடங்கு பவர் வேண்டும். நான்கு ஆம்ப் போட்டும் பேஸ் ஏறவில்லையே என்று ஐந்தாவது ஆம்ப் வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் இந்த ஒரு ரூபாய் பாகத்தைப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 40 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் கொடுங்கள். கிராஸ்ஓவரின் லோ அவுட்டில் ஏசி வோல்ட்டை முதலில் ஒரு ஆம்போடும், பிறகு நான்கு ஆம்போடும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு டோனிலும் ஒரே அளவு குறைந்தால் இம்பீடன்ஸ் கோளாறு. 100-ல் குறைவாகவும் 40-ல் நிறையவும் விழுந்தால் கெப்பாசிட்டர்தான். அதைக் கழற்றி 10 மைக்ரோபாரட் பைபோலார் போட்டால் வெட்டு 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

முதல் வழி: ஆம்பிலேயே உள்ள லிங்க்

ஒரே மாதிரி பேலன்ஸ்டு ஆம்ப்கள், பின்னால் லிங்க் அல்லது த்ரூ சாக்கெட் இருக்கிறது என்றால் வேறெதுவும் வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடும் மூன்று பின்) ஒயரில் தொடர்ந்து போங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் அந்த லிங்க் உள்ளே நேரடி ஒயர்தான்; எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. உள்ளேயே ஆம்ப் உள்ள சில பவர்டு சப்களில் மட்டும் த்ரூ சாக்கெட் பஃபர் (சிக்னலை அதே அளவில் தாங்கி அனுப்பும் சர்க்யூட்) வழியாக வரும். சோதிக்க, பாட்டு ஓடும்போது முதல் ஆம்பின் பவரை அணையுங்கள். இரண்டாவது தொடர்ந்து பாடினால் நேரடி ஒயர். நின்றுவிட்டால், நிகழ்ச்சி நடுவே முதல் ஆம்ப் டிரிப் ஆனால் எல்லாமே நிற்கும் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். பவர் இல்லாத ஆம்ப் லைனில் தொங்கிக்கொண்டிருந்தால், அதன் இன்புட் ஐசியில் உள்ள பாதுகாப்பு டையோடுகள் சிக்னல் உச்சியைக் கடித்துவிடும். மற்ற மூன்றிலும் கரகரப்பு வரும். அணைத்த ஆம்பை லைனிலிருந்து கழற்றிவிடுவதே சரி.

இரண்டாவது வழி: ஒயர் போட்ட ஸ்ப்ளிட்டர் பெட்டி

லிங்க் இல்லாத ஆம்ப்களுக்கு ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே வர ஒரு பெண் எக்ஸ்எல்ஆர் சாக்கெட், வெளியே நான்கு ஆண் சாக்கெட். எல்லா 2-ஆம் பின்களும் ஒன்றாக, எல்லா 3-ஆம் பின்களும் ஒன்றாக, எல்லா 1-ஆம் பின்களும் ஒன்றாக. 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு. பெட்டியின் உடம்பை உள்வரும் சாக்கெட்டின் 1-ஆம் பின்னோடு ஒரே இடத்தில் மட்டும் சேருங்கள்.

சாக்கெட்டைப் பின்பக்கத்திலிருந்து பார்த்து சால்டர் செய்யும்போது பின்கள் இடவலம் மாறித் தெரியும். எண் பின்னுக்குப் பக்கத்தில் பொடியாக அச்சடித்திருக்கும். டார்ச் பிடித்து அதைப் படித்துவிட்டே ஈயம் வையுங்கள். ஒரு சாக்கெட்டில் 2-உம் 3-உம் மாறினால் அந்த ஒரு ஆம்ப் தலைகீழ் பொலாரிட்டியில் (பிளஸ் மைனஸ் மாறி) ஓடும். கேட்பவருக்கு "ஏதோ குறைகிறது" என்று மட்டும் தெரியும், என்னவென்று தெரியாது. முடித்ததும் மல்டிமீட்டர் பஸ்ஸரில் ஒவ்வொரு பின்னையும் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

இந்தப் பெட்டியில் மூன்று கண்ணிகள் உண்டு.

ஒன்று, போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஒயரை நேராக எக்ஸ்எல்ஆருக்கு மாற்றுவது. இடது சேனல் 2-ஆம் பின்னுக்கும் வலது சேனல் 3-ஆம் பின்னுக்கும் போகும். ஆம்ப் இரண்டின் வித்தியாசத்தைத்தான் பெருக்கும். பாட்டில் பேஸ் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பதால் வித்தியாசம் பூஜ்யம். பேஸும் குரலும் சுத்தமாக மறைந்து ரிவெர்ப் மட்டும் கேட்கும். இடது, வலதை ஆளுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து 2-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். 1-உம் 3-உம் கிரவுண்டோடு. ரெசிஸ்டர் இல்லாமல் இரண்டு அவுட்புட்டை முட்டவிடுவது இரண்டையும் சிரமப்படுத்தும்.

இரண்டு, நான்கில் ஒரு ஆம்ப் மட்டும் ஆர்சிஏ (அன்பேலன்ஸ்டு) இன்புட் உள்ள அசெம்பிள் ஆம்பாக இருப்பது. அந்த ஒயரில் 3-ஆம் பின்னை கிரவுண்டில் சேர்த்திருந்தால், பெட்டி வழியாக எல்லா ஆம்பின் 3-ஆம் பின்னும் கிரவுண்டாகிவிடும். ஒருவர் அன்பேலன்ஸ்டானால் எல்லோரும் அன்பேலன்ஸ்டு. அளவு 6 டெசிபல் வரை குறையும், கிராஸ்ஓவரின் கோல்டு டிரைவரும் ஷார்ட்டில் நிற்கும். அந்த ஒயரில் மட்டும் 3-ஆம் பின்னை எதிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.

மூன்று, பெட்டியைத் தலைகீழாக உபயோகிப்பது: இரண்டு மிக்சர் அவுட்டை ஒரே ஆம்புக்குள் விடுவது. பிரிக்க ஒயர் போதும், சேர்க்க ஒயர் போதாது.

பேலன்ஸ்டு லைனில் நீளம் பிரச்சினையில்லை. 100 மீட்டர் ஓட்டினாலும் பேஸில் ஒன்றும் ஆகாது. ஆர்சிஏ என்றால் ஐந்தாறு மீட்டரோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது வழி: பவர் போட்ட ஸ்ப்ளிட்டர்

ஆர்சிஏ ஆம்ப்கள் நிறைய இருந்தாலோ, சோர்ஸின் அவுட்புட் பலவீனமாக இருந்தாலோ, ஆக்டிவ் ஸ்ப்ளிட்டர்தான் சரி. இதில் ஒரு ஆம்பின் ஒயர் ஷார்ட் ஆனாலும் மற்ற மூன்றும் பாடும். ஒயர் பெட்டியில் இந்தச் சவுகரியம் கிடையாது. பாகங்கள் எல்லாம் கோயம்புத்தூர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைப்பவையே.

தேவை: 5532 டூயல் ஆப் ஆம்ப் மூன்று, 15-0-15 வோல்ட் 500 மில்லிஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், 4007 டையோடு நான்கு, 1000 மைக்ரோபாரட் 35 வோல்ட் இரண்டு, 7812, 7912 ஒவ்வொன்று, ரெகுலேட்டர் அவுட்டுக்கு 10 மைக்ரோபாரட் 25 வோல்ட் இரண்டு, 0.1 மைக்ரோபாரட் செராமிக் பத்து, 2.2 மைக்ரோபாரட் ஃபிலிம் ஒன்று, 22 மைக்ரோபாரட் பைபோலார் நான்கு, 47 கிலோ ஓம் ஒன்று, 100 ஓம் நான்கு, 100 கிலோ ஓம் நான்கு, 250 மில்லிஆம்ப் ஃபியூஸ், உலோகப் பெட்டி.

12 வோல்ட் ரெகுலேட்டருக்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் போதாதா என்று கேட்பார்கள். 230 வோல்ட் முழுதாக வரும் இடத்தில் போதும். லைன் கடைசியில் இருக்கும் ஊரிலோ எஸ்டேட்டிலோ திருவிழா நாள் இரவில் 180 வோல்ட் வந்தால், 12-0-12 தருவது ரெகுலேட்டர் பிடித்து நிற்கும் அளவுக்குக் கீழே போய், ஸ்ப்ளிட்டரே ஊம் என்று இரையும். 15-0-15 போட்டால் 180-லும் சுமார் 16 வோல்ட் கிடைக்கும்.

1. முதலில் பவர் சப்ளையை மட்டும் கட்டுங்கள். 7812-இன் கால்கள் இன், கிரவுண்ட், அவுட். 7912-க்கு அதே வரிசை கிடையாது: கிரவுண்ட், இன், அவுட். அதன் உலோக முதுகு மைனஸ் இன்புட்டோடு சேர்ந்தது, பெட்டியில் படக்கூடாது. ஐசி சொருகும் முன் பிளஸ் 12, மைனஸ் 12 இரண்டும் வருகிறதா என்று அளங்கள்.

2. உள்வரும் சிக்னல் 2.2 மைக்ரோபாரட் வழியாக முதல் ஐசியின் 3-ஆம் காலுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம். 2-ஆம் காலை 1-ஆம் காலோடு சேர்த்தால் அது பஃபர்.

3. அந்த 1-ஆம் காலிலிருந்து மற்ற இரண்டு ஐசிகளின் நான்கு பிளஸ் இன்புட்டுக்கும், அதாவது 3, 5-ஆம் கால்களுக்கு, நேரடி ஒயர். அவையும் பஃபர்களே: 2-ஐ 1-ஓடும் 6-ஐ 7-ஓடும் சேருங்கள்.

4. ஒவ்வொரு அவுட்புட்டிலும் 100 ஓம், பிறகு 22 மைக்ரோபாரட், பிறகு சாக்கெட். சாக்கெட்டிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். இது இல்லாவிட்டால் ஒயர் சொருகும்போது டப் என்று அடிக்கும்.

5. முதல் ஐசியில் மிஞ்சும் பாதியை அப்படியே விடாதீர்கள். 5-ஆம் கால் கிரவுண்டுக்கு, 6-உம் 7-உம் ஒன்றாக. விட்டால் அது தானாக ஊசலாடி மற்றதைக் கெடுக்கும்.

6. ஒவ்வொரு ஐசியின் 8, 4-ஆம் கால்களிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோபாரட், காலுக்கு ஒட்டியே. மிச்ச நான்கும் ரெகுலேட்டர்களின் இன், அவுட்டில்.

மெயின்ஸ் எர்த்தைப் பெட்டியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஒரு மூலையில், இன்புட் சாக்கெட் எதிர் மூலையில்.

ஊம் சத்தம்

50, 100 ஹெர்ட்ஸ் இரண்டும் சப்வூஃபரின் வீட்டு முற்றம். டாப் பாக்ஸில் கேட்காத ஹம் இங்கே மேடையை அதிர வைக்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஆம்ப்கள் மெயின்ஸ் எர்த் வழியாக ஒருமுறை, சிக்னல் ஷீல்டு வழியாக இன்னொருமுறை இணைந்து வளையமாகிவிடுவது. ஒயர் போட்டுப் பிரித்தால் ஆம்புக்கு ஒரு வளையம் கூடுகிறது.

எல்லா இன்புட்டையும் கழற்றுங்கள். அமைதியாக இருக்கிறதா? ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகியதும் இரைகிறதோ அந்த ஒயரில் மட்டும், ஆம்ப் பக்க முனையில் மட்டும், 1-ஆம் பின்னின் ஷீல்டை வெட்டிவிடுங்கள். அந்த ஒயரில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள். நாளைக்கு அதை மைக்குக்குப் போட்டால் கண்டென்சர் மைக் வேலை செய்யாது. அதோடு எல்லா ஆம்புக்கும் கிராஸ்ஓவருக்கும் கரண்டை ஒரே போர்டிலிருந்து எடுங்கள். மேடையில் ஒரு லைன், பக்கத்து மண்டபத்தில் ஒரு லைன் என்று எடுத்தால் ஹம் நிச்சயம்.

ஆர்சிஏவில் ஷீல்டே திரும்பும் வழி என்பதால் வெட்ட முடியாது. அங்கே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கட்டைவிரல் அளவில் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஹம்மை நிறுத்தும், கூடவே பேஸையும் நிறுத்தும். அந்தச் சின்ன கோர் 40 ஹெர்ட்ஸில் நிரம்பிவிடும். வாங்கும் முன் அதைப் போட்டும் எடுத்தும் 40 ஹெர்ட்ஸ் டோன் கேட்டுப் பாருங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ஹம்மை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. பனி சொட்டும் தார்ப்பாயின் கீழ், ஈரப் புல்லில் நின்று ஆம்பைத் தொடுபவருக்கும் மைக் பிடிப்பவருக்கும் அந்தப் பின்தான் காவல்.

அளவும் பொலாரிட்டியும்

ஒரே சிக்னல் போனாலும் ஒரே சத்தம் வராது. ஒரு ஆம்ப் 0.775 வோல்ட்டில் முழு பவர் தரும், இன்னொன்று 1.4 வோல்ட் கேட்கும். வித்தியாசம் 5 டெசிபல். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ஒவ்வொரு ஆம்பின் அவுட்டிலும் 10 வோல்ட் ஏசி வரும்படி குமிழைத் திருப்புங்கள். பிரிட்ஜில் (இரண்டு சேனலும் சேர்ந்து ஒன்றாக) ஓடினால் இரண்டு சிவப்பு டெர்மினலுக்கு இடையே அளக்க வேண்டும். பிறகு குமிழ் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். உதவிக்கு வந்த பையன் திருப்பாமல் இருக்க வேறு வழியில்லை.

பொலாரிட்டிக்கு 1.5 வோல்ட் பேட்டரி. பாக்ஸின் பிளஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். பிறகு இரண்டு பாக்ஸைப் பக்கத்தில் வைத்து 60 ஹெர்ட்ஸ் கொடுங்கள். இரண்டாவது ஆம்பை ஏற்றும்போது அதிர்வு கூட வேண்டும். குறைந்தால் எங்கோ மாறியிருக்கிறது: எக்ஸ்எல்ஆரில் அல்லது ஸ்பீக்கர் ஒயரின் ஸ்பீக்கான் முனையில்.

மலையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

ஊட்டி 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத ஜெனரேட்டர் எஞ்சினின் பவரும் கிட்டத்தட்ட அந்த அளவு விழும். மேட்டுப்பாளையத்தில் 10 கேவிஏ என்று நம்பி ஏற்றி வந்தது இங்கே 8-ஆகத்தான் இழுக்கும். ஒரே சிக்னலைப் பிரித்திருப்பதால் நான்கு ஆம்பும் ஒவ்வொரு கிக் அடிக்கும் ஒரே நொடியில் கரண்டை உறிஞ்சும். விளக்கு பாட்டுக்கு ஏற்றபடி மங்கினால் ஜெனரேட்டர் திணறுகிறது என்று பொருள், லெவலை இறக்குங்கள். ஆம்ப்களைப் பத்து நொடி இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். மெல்லிய காற்றில் ஃபேன் வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்லும் என்பதால், வெளியே குளிராக இருக்கிறதே என்று ரேக்கைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடாதீர்கள்.

குளிரில் கிடந்த ஆம்பைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் உள்ளே வியர்க்கும். அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பவர் போடுங்கள். ஸ்ப்ளிட்டர் பெட்டியின் சாக்கெட்டுகளை மாதம் ஒருமுறை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் பனிக்காலக் கரகரப்பு வராது.

டிலே (தூரத்துப் பாக்ஸுக்குச் சிக்னலைத் தாமதித்து அனுப்புவது) போட்டு வைத்த பிரீசெட்டை அப்படியே மலைக்கு ஏற்றாதீர்கள். ஒலியின் வேகம் உயரத்தால் மாறுவதில்லை, வெப்பநிலையால் மாறும். 30 டிகிரியில் நொடிக்கு சுமார் 349 மீட்டர். 10 டிகிரியில் 337. மேடையிலிருந்து 50 மீட்டரில் வைத்த டிலே சப்புக்கு 143 மில்லிசெகண்ட் என்று கீழே செட் செய்திருந்தால், ஊட்டி இரவில் அது 148 ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸில் இந்த 5 மில்லிசெகண்ட் ஒரு அலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சேர வேண்டிய பேஸ் பாதி சேராது.

பள்ளத்தாக்கில் பேஸ் வெகுதூரம் போகும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே உண்டு. அதற்கு முந்தைய நேரத்திலும் மேடைக்குப் பின்னால் வீடுகள் இருந்தால் கார்டியாய்டு முறையில், ஒரு பாக்ஸைப் பின்பக்கம் திருப்பி, அதற்குப் பொலாரிட்டி மாற்றி டிலே கொடுத்து, பின்னால் போகும் சத்தத்தைக் குறைக்கலாம். அந்தப் பாக்ஸின் ஆம்பை மட்டும் ஸ்ப்ளிட்டரிலிருந்து கழற்றி, டிஎஸ்பியின் தனி அவுட்டில் போடுங்கள். ஸ்ப்ளிட்டர் எல்லோருக்கும் ஒரே சிக்னலைத்தான் தரும். தனி டிலே கேட்கும் ஆம்புக்கு அதில் இடமில்லை.